ஓடிக்கொண்டிருக்கும் தளங்களைத் தொடாமல், அதே சர்வரில் ஒரு பைத்தான் ஆப்

சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக மொய்க் கணக்கு எழுத ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் வெப் ஆப் செய்ய உதவும் கருவி) ஒரு சின்ன ஆப் செய்தேன். பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். என் லேப்டாப்பில் அழகாக ஓடியது. மொய் மேசையில் உட்காரும் இரண்டு பேரும் அவரவர் போனிலிருந்து பதிவு செய்ய வேண்டும் என்றபோதுதான் அதை இணையத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று.

என்னிடம் 1 ஜிபி மெமரியில் ஒரு வாடகை சர்வர் இருக்கிறது. அதில் ஏற்கெனவே இரண்டு வேர்ட்பிரஸ் தளங்கள் ஓடுகின்றன. ஒன்று என்னுடையது, மற்றது நண்பனின் ஜவுளிக்கடையுடையது. ஒரு நாள் கூத்துக்குத் தனி சர்வர் வாங்க மனம் வரவில்லை. அதே சர்வரில் ஏற்றலாம். ஆனால் கடைக்காரனுக்கு எதுவும் நடந்ததே தெரியக் கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான்.

உபுண்டு 24.04, வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். என்ஜின்எக்ஸுக்குப் பதில் அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாம், ஆறாம் படிகள் மாறும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன், திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில், உள்ளே நடப்பது என்ன?

ஒரே ஐபி முகவரியில் மூன்று தளங்கள் எப்படி இருக்க முடியும்? ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒன்று, கதவு எண் ஒன்று, உள்ளே நான்கு குடும்பங்கள். தபால்காரர் கடிதத்தில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார். பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 'ஹோஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் அந்தப் பெயர். 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 இந்த வரியைக் கட்டாயமாக்கியது. என்ஜின்எக்ஸ் அதைப் படித்துவிட்டு உரிய குடித்தனத்துக்கு அனுப்புகிறது.

இன்னொன்று: என்ஜின்எக்ஸுக்குப் பைத்தான் தெரியாது. பிஎச்பியும் தெரியாது! உங்கள் வேர்ட்பிரஸை ஓட்டுவது பின்னால் இருக்கும் பிஎச்பி-எஃப்பிஎம். அதே போலப் பைத்தானுக்கு ஓர் ஆள் வேண்டும். நாம் வைக்கப்போவது கூனிகார்ன். கூனிகார்னும் ஃபிளாஸ்க்கும் பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு டபிள்யூஎஸ்ஜிஐ என்று பெயர், 2003-இல் எழுதப்பட்டது. ஃபிளாஸ்க் போன்ற இன்னொரு கருவியான ஜாங்கோவும் அதே ஒப்பந்தத்தைப் பின்பற்றுவதால் ஜாங்கோ ஆப்பையும் இப்படியே ஏற்றலாம்.

படி 1: பெயர்

டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்துக்குப் போய், 'மொய்' என்ற சப்டொமைனுக்கு ஓர் 'ஏ' ரெக்கார்டு போட்டு, சர்வரின் ஐபியைக் கொடுங்கள். பழைய தளத்துக்குள்ளேயே '/மொய்' என்று ஒரு பாதையாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதற்குப் பழைய தளத்தின் கோப்பைத் திறந்து திருத்த வேண்டும், ஆப்பிலும் எல்லா லிங்க்கும் அந்த முன்னொட்டோடு வர வேண்டும். சப்டொமைன் என்றால் புதுக் கோப்பு ஒன்று, அதோடு சரி.

படி 2: இடமும் ஆளும்

ஆப்புக்கென்று தனி யூசர் வையுங்கள். ரூட்டாக ஓட்டாதீர்கள்.

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்
சுடோ ஆட்யூசர் --சிஸ்டம் --குரூப் மொய்
சுடோ எம்கேடிர் -பி /எஸ்ஆர்வி/மொய்/டேட்டா
சுடோ சௌன் மொய்:மொய் /எஸ்ஆர்வி/மொய்/டேட்டா
சுடோ பைத்தான்3 -எம் வென்வ் /எஸ்ஆர்வி/மொய்/வென்வ்
சுடோ /எஸ்ஆர்வி/மொய்/வென்வ்/பின்/பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க் கூனிகார்ன்

வென்வ் என்பது ஆப்புக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் இடம். அது இல்லாமல் நேரடியாகப் பிப் ஓட்டினால் இப்போதைய உபுண்டு மறுத்துவிடும். கோபப்பட வேண்டாம், சிஸ்டத்தின் சொந்தப் பைத்தானை நாம் கெடுத்துவிடக் கூடாது என்று பார்க்கிறது.

ஆப்பின் கோடை ஏன் ஹோம் ஃபோல்டரில் வைக்கவில்லை? உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டருக்குள் வெளியாள் நுழைய முடியாது. என்ஜின்எக்ஸும் வெளியாள்தான். பழைய குறிப்புகளைப் பார்த்து ஹோமில் சாக்கெட் (என்ஜின்எக்ஸும் கூனிகார்னும் பேசிக்கொள்ளும் கோப்பு) வைத்தால் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்து நிற்கும்.

'டேட்டா' ஃபோல்டரை மட்டும் மொய் யூசருக்குக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. எஸ்க்யூலைட் (தரவை ஒரே கோப்பில் வைக்கும் தரவுத்தளம்) எழுதும்போது தரவுக் கோப்பின் பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பையும் உருவாக்கும். கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு ஃபோல்டருக்குக் கொடுக்காவிட்டால், படிக்கும், எழுதாது. உங்கள் கோடான மொய்.பிஒய் கோப்பை /எஸ்ஆர்வி/மொய் உள்ளே போடுங்கள்.

படி 3: கையால் ஒரு முறை

எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு எது ஓடவில்லை என்று தேடுவதைவிட, இங்கேயே நிறுத்திச் சோதிப்பது நல்லது. /எஸ்ஆர்வி/மொய் உள்ளே நின்றுகொண்டு:

சுடோ -யூ மொய் வென்வ்/பின்/கூனிகார்ன் --பைண்ட் 127.0.0.1:8000 மொய்:ஆப்

கடைசியில் உள்ள 'மொய்:ஆப்' பலரைக் குழப்பும். இடப்பக்கம் கோப்பின் பெயர், '.பிஒய்' இல்லாமல். வலப்பக்கம் அந்தக் கோப்புக்குள் ஃபிளாஸ்க்கை வைத்திருக்கும் மாறியின் பெயர். இன்னொரு டெர்மினலில் 'கர்ல் 127.0.0.1:8000' அடித்து எச்டிஎம்எல் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்துங்கள். 127.0.0.1 இருக்கும் இடத்தில் 0.0.0.0 போடாதீர்கள், ஊருக்கே கதவைத் திறந்து வைத்த மாதிரி.

படி 4: தானாக ஓட வைப்பது

/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/மொய்.சர்வீஸ் என்ற கோப்பை உருவாக்கி இதை எழுதுங்கள்:

[யூனிட்]
ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=மொய்
குரூப்=மொய்
ரன்டைம்டைரக்டரி=மொய்
வொர்க்கிங்டைரக்டரி=/எஸ்ஆர்வி/மொய்
எக்ஸெக்ஸ்டார்ட்=/எஸ்ஆர்வி/மொய்/வென்வ்/பின்/கூனிகார்ன் --வொர்க்கர்ஸ் 2 --பைண்ட் யூனிக்ஸ்:/ரன்/மொய்/மொய்.சாக் மொய்:ஆப்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்

போர்ட்டுக்குப் பதில் சாக்கெட் கோப்புக்கு மாறிவிட்டோம். இதற்கு வெளியிலிருந்து வழியே இல்லை. நாளை இன்னொரு ஆப் ஏற்றினாலும் '8000 யாரிடம் இருக்கிறது' என்ற சண்டை வராது. ரன்டைம்டைரக்டரி வரி, சர்வர் ரீபூட் ஆகும்போதெல்லாம் /ரன்/மொய் ஃபோல்டரைத் திரும்ப உருவாக்கித் தரும். அது இல்லாமல் ஒரு முறை நான் கையால் உருவாக்கிவிட்டு, அடுத்த ரீபூட்டில் முழித்திருக்கிறேன்.

வொர்க்கர், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் கூனிகார்ன் ஆள், எத்தனை? கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்பது கூனிகார்ன் ஆவணம் சொல்லும் கணக்கு. ஒரு கோருக்கு மூன்று. ஆனால் என் சர்வரில் மைஎஸ்க்யூஎல்லும் பிஎச்பியும் ஏற்கெனவே மெமரியைத் தின்றுகொண்டிருக்கின்றன. மொய் மேசைக்கு இரண்டு போதும்.

சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் மொய்
சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மொய்

பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று வர வேண்டும். இதுவரை என்ஜின்எக்ஸின் பக்கமே நாம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 5: என்ஜின்எக்ஸ்

/இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவெய்லபிள் ஃபோல்டரில் 'மொய்' என்று புதுக் கோப்பு. பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், சேவ் செய்யாதீர்கள்.

சர்வர் {
    லிசன் 80;
    லிசன் [::]:80;
    சர்வர்_நேம் மொய்.எக்சாம்பிள்.காம்;

    லொகேஷன் / {
        பிராக்ஸி_பாஸ் எச்டிடிபி://யூனிக்ஸ்:/ரன்/மொய்/மொய்.சாக்;
        பிராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
        பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;
        பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ $ஸ்கீம்;
    }
}

ஹெடர் வரிகள் மூன்றும் தேவை. தபால்காரர் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் தாளை மட்டும் கொடுத்தால் யார் யாருக்கு எழுதியது என்று தெரியாதல்லவா? இந்த வரிகள் இல்லாவிட்டால் ஆப்புக்குத் தன் டொமைன் பெயரும் தெரியாது, வந்தவர் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தாரா என்றும் தெரியாது.

எந்தப் பெயருக்கும் பொருந்தாமல், வெறும் ஐபியை அடித்து வருகிறவர்களை என்ஜின்எக்ஸ் 'டிஃபால்ட்_சர்வர்' என்று குறித்த தளத்துக்கு அனுப்பும். அப்படி எதையும் குறிக்கவில்லை என்றால் முதலில் படித்த கோப்புக்கு. கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. புதுக் கோப்பின் பெயர் பழையவற்றுக்கு முன்னால் வந்துவிட்டால், கடையைத் தேடி வந்தவர் மொய் நோட்டில் வந்து நிற்பார். 'டிஃபால்ட்_சர்வர்' பழைய தளம் ஒன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுக் கோப்புக்கு 'இசட்-மொய்' என்று பெயர் வையுங்கள், கீழே உள்ள கட்டளையிலும் அதையே அடியுங்கள்.

சுடோ எல்என் -எஸ் /இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவெய்லபிள்/மொய் /இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-எனேபிள்ட்/
சுடோ என்ஜின்எக்ஸ் -டி
சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்

இரண்டாவது வரி சோதனை, அதில் உள்ள '-டி' ஆங்கில t. அது 'சக்சஸ்ஃபுல்' என்று சொன்னால் மட்டும் மூன்றாவது வரிக்குப் போங்கள். மூன்றாவதில் 'ரீலோட்' என்று இருக்கிறது, 'ரீஸ்டார்ட்' அல்ல. முன்பு ஒரு தரம், சோதிக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்தேன். கோப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. என்ஜின்எக்ஸ் நின்றது, திரும்ப எழவில்லை, இரண்டு தளங்களும் சேர்ந்து படுத்துவிட்டன. கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம், நண்பனிடம் பேச்சு வாங்கியது அதற்கு மேல். ரீலோட் கொடுத்திருந்தால் பிழையைப் பார்த்ததும் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

படி 6: பூட்டு

இப்போது பிரவுசரில் புது முகவரியை அடித்தால் ஜவுளிக்கடை திறக்கலாம், அல்லது சான்றிதழ் சரியில்லை என்று மிரட்டலாம். பயப்படாதீர்கள். பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அதாவது 443-ஆம் போர்ட்டுக்குப் போகிறது. நாம் எழுதியது 80-க்கு மட்டும். 443-இல் மொய் என்ற பெயரில் யாரும் இல்லாததால் அங்கே டிஃபால்ட்டாக இருப்பவர் கதவைத் திறக்கிறார்.

சுடோ செர்ட்பாட் --என்ஜின்எக்ஸ் -டி மொய்.எக்சாம்பிள்.காம்

செர்ட்பாட் என்பது சான்றிதழ் வாங்கித் தரும் கருவி. '-டி' (இங்கே ஆங்கில d) போட்டுப் புது டொமைனை மட்டும் கொடுங்கள். வெறும் செர்ட்பாட் ஓட்டினால் எல்லாத் தளங்களையும் பட்டியலிட்டுக் கேட்கும், கை தவறி எண்டரை அழுத்தினால் பழைய கோப்புகளிலும் கை வைத்துவிடும். அது வாங்கித் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் சில மாதங்களுக்கு மேல் நிற்காது. ஆனால் புதுப்பிப்பைச் செர்ட்பாட்டே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், ஆப்பில் லாகின் இருக்கிறதா? யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தால் சர்வர் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை.

ஓடவில்லை என்றால்

502 வந்தால் என்ஜின்எக்ஸ் நன்றாக இருக்கிறது, பின்னால் ஆள் இல்லை என்று அர்த்தம். 'சுடோ ஜர்னல்சிடிஎல் -யூ மொய் -எஃப்' ஓட்டினால் பைத்தானின் புலம்பல் அப்படியே தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எர்ரர்.லாக். பெரும்பாலும் இரண்டு கோப்புகளிலும் சாக்கெட் பாதை ஓர் எழுத்து மாறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் அரை நிமிடம் யோசித்துவிட்டு 502 கொடுத்தால், கூனிகார்னின் 30 விநாடி வரம்பு தாண்டி வொர்க்கரைக் கொன்றிருக்கிறது. போட்டோ ஏற்றும்போது 413 வந்தால், என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பிதான்; 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 10எம்;' என்று நம் சர்வர் பிளாக்கில் சேருங்கள்.

ஆப்பின் கோடை மாற்றினால் 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் மொய்' போதும். என்ஜின்எக்ஸைத் தொட வேண்டியதில்லை.

கல்யாணம் முடிந்து எடுத்துவிட வேண்டுமா? டேட்டா ஃபோல்டரை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். சைட்ஸ்-எனேபிள்டில் உள்ள லிங்க்கை நீக்கி, மறுபடியும் 'என்ஜின்எக்ஸ் -டி' சோதனை, ரீலோட். அப்புறம் 'சுடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ் மொய்'. சான்றிதழைக் கடைசியில் நீக்குங்கள். லிங்க் இருக்கும்போதே அதை அழித்தால், கோப்பு சான்றிதழைத் தேடிக் காணாமல், அடுத்த 'என்ஜின்எக்ஸ் -டி' சோதனை தோற்கும்.