டஸ்டர் கூரையில் கேரியர்: விசில் சத்தம் நின்ற விதம்

எங்கள் டஸ்டர் காரில் கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ரெயில் (பிடிக்கம்பி) இருக்கிறது. துளை போடும் வேலையே இல்லை. கேரியருக்கான குறுக்குக் கம்பி இரண்டை வாங்கி நானே மாட்டினேன். கம்பியை ரெயிலோடு பிடிக்கும் கிளாம்ப் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ரப்பருக்கு அடியில் மணல் சிக்கினால் பெயின்ட் போய்விடும். ஒரு பக்க போல்ட்டை முழுசாக இறுக்காமல், ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) இரு பக்கமும் மாறி மாறி இறுக்கினால் கம்பி கோணாமல் உட்காரும்.

தலைவலி அப்புறம்தான். திண்டிவனம் சாலையில் வேகம் 80ஐத் தாண்டியதும் தலைக்கு மேலே குக்கர் விசில் மாதிரி ஒரே ஊளை. போல்ட் எதுவும் தளரவில்லை. காற்று கம்பியைக் கடக்கும்போது பின்னால் சீராகச் சுழல்கள் உண்டாகும், சத்தம் அதிலிருந்துதான். கம்பியின் பள்ளத்தில் ரப்பர் பட்டையை இடைவெளியில்லாமல் அழுத்திப் பொருத்தியதும் கொஞ்சம் குறைந்தது. மீதிக்கு, முன் கம்பியில் மெல்லிய நைலான் கயிற்றைச் சாய்வாக, இடைவெளி விட்டுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். சுழல்கள் ஒரே தாளத்தில் உருவாகாமல் சிதறிவிடும். உயரமான புகைபோக்கிகளில் பட்டை சுற்றியிருப்பதும் இதே சுழலை உடைக்கத்தான். விசில் போயே போச்சு! பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

பாரம் ஏற்றுமுன் கார் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பாருங்கள். கேரியரின் எடையும் அதில் சேரும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்லது. சாமான் இல்லாத நாட்களில் நான் கழற்றி வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் மைலேஜ் அடி வாங்குகிறது.