குட்டைக்குள் கூழாங்கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக்குப் பின்னால் மீன் குட்டை வெட்டுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலில் கூழாங்கல் மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதுகு வலித்தது. "அடியில பரப்பத்தான் அங்கிள், அப்பதான் இயற்கையா இருக்கும்" என்றார் அந்த வீட்டுப் பையன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் என் மனைவியிடம் சொன்னேன்.

கல்லைக் கழுவாமல் கொட்டுவது, குட்டையை வெயிலில் வெட்டுவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை முதல் வாரமே தெரிந்துவிடும். ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் முகத்தைக் காட்டுகிற தவறுகள்தான் செலவு வைக்கும்.

அடி முழுக்கக் கல் பரப்புவது

என் குட்டை 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம். சுமார் 3,400 லிட்டர் தண்ணீர். அடியில் 4 அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பினேன். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? கணக்குப் போட்டால் 20 கன அடி, எடை ஏறக்குறைய 900 கிலோ. 50 கிலோ மூட்டையில் 18. கல் அடைத்துக்கொண்ட இடத்தால் தண்ணீரும் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மீனுக்காக வெட்டிய இடத்தில் கல்லைக் குடிவைத்தேன் என்று அப்போது உறைக்கவில்லை.

முதல் வருஷம் குட்டை கண்ணாடி மாதிரி இருந்தது. வந்த உறவினர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். பிரச்சினையே அதுதான். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, மேலே நின்ற புங்கை மரம் கோடையில் கொட்டிய பூ எல்லாம் கல் இடுக்கில் இறங்கி மறைந்துகொண்டே இருந்தன. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நானும் ஏமாந்தேன். குப்பை போய்விடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

"கல்லில் நல்ல பாக்டீரியா வளரும், ஃபில்டரே வேண்டாம்" என்று விற்றவர் சொன்னார். பாதி உண்மை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் ஒட்டி வளரத்தான் செய்யும். ஆனால் அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், தண்ணீர் அவற்றைத் தொட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் கிடக்கும் கல்லில் மேல் வரிசைக்குத்தான் அந்தக் கொடுப்பினை. கீழே தண்ணீர் அசைவதே இல்லை. அங்கே காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் சேர்ந்து, சேற்றைக் கறுப்பாக்கி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை வாடை.

இரண்டாவது வருஷம் வைகாசியில் ஒரு குச்சியால் குத்திப் பார்த்தேன். கொப்புளம் கொப்புளமாக வந்தது, கூடவே அந்த வாடை. "சுத்தம் பண்ணிவிடலாம்" என்று மீன்களை உள்ளேயே விட்டுவிட்டு, இரும்பு வாரியால் கல்லைக் கிளறினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் தோட்டத்தில் செய்ததில்லை. தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் மை போலானது. கிளம்பிய வாயு ஒரு பக்கம், மிதந்த சேறு உறிஞ்சிய ஆக்சிஜன் ஒரு பக்கம். வெந்நீர் போல் சூடேறிய கோடைத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. சாயங்காலத்துக்குள் பதினோரு கோய் மீன்களில் ஒன்பது மிதந்தன. கப்பி என்கிற குட்டி மீன்கள் மட்டும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு தப்பின.

அப்புறம் கல்லை வெளியே எடுத்தேன். சட்டி சட்டியாக, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே கொட்ட அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நம் ஊர்க் குளங்களைப் பாருங்கள். எந்தக் குளத்திலும் வண்டல் சேரும். கோடையில் வற்றும்போது தூர் வாரி, அந்த வண்டலை வயலுக்கு அடித்தார்கள். வீட்டுக் கிணற்றுக்கும் தூர் எடுத்தார்கள். சேறு வராமல் தடுக்க யாராலும் முடியாது, வாரி எடுக்க வழி வைத்திருந்தார்கள். நான் தூர் வார முடியாத குளம் ஒன்றை மெனக்கெட்டுக் கட்டியிருந்தேன். இப்போது அடியில் வெறும் தார்ப்பாய்தான். சில மாதத்தில் பாசி படர்ந்து கரும்பச்சையாகி, முன்பைவிட ஆழமாகத் தெரிகிறது. மாதம் ஒருமுறை ஹோஸ் போட்டு அடிச்சேற்றை உறிஞ்சித் தென்னைக்கு விடுகிறேன்.

கல்லே பிடிக்கும் என்றால் கையால் தூக்கக்கூடிய நான்கைந்து பெரிய உருண்டைக் கற்களை வையுங்கள். மீன் ஒளிந்துகொள்ளும், நீங்களும் நகர்த்திச் சுத்தம் செய்யலாம். பாக்டீரியா வேண்டும் என்றால் கல்லைக் குட்டைக்கு வெளியே, ஒரு 200 லிட்டர் பீப்பாயில் போட்டு, பம்ப் தண்ணீரை அடியிலிருந்து மேலே ஏற்றி வழியவிடுங்கள். மேலே கல்வாழை நட்டால் நைட்ரேட்டை அது தின்று கொழுக்கும். பீப்பாய் அடியில் ஒரு வால்வு கட்டாயம். அதைத் திறந்து சேற்றை வெளியேற்ற முடியவில்லை என்றால் பழைய கதைதான்.

தார்ப்பாய் மேல் கருங்கல் ஜல்லி

ஓட்டை விழும். வேண்டாம்.

வெள்ளைக் கல் மோகம்

கடையில் பளபளவென்று இருக்கும் வெள்ளைச் சில்லுகள் பல நேரம் பளிங்கு அல்லது சுண்ணாம்புக் கல். மேலே எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுங்கள். நுண்ணிய குமிழ் வந்தால் சுண்ணாம்பு. உப்பேறிய போர் தண்ணீரில் பெரிய வித்தியாசம் தெரியாது. மழைநீர் பிடித்து நிரப்புகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அந்த மென்நீரில் அது கரைந்து காரத்தன்மையை ஏற்றும். காரம் ஏற ஏற, அதே அளவு அமோனியா மீனுக்கு அதிக விஷம்.

பட்டாணி அளவுக் கல்

கோய், தங்கமீன் இரண்டும் அடியைக் கிளறி வாயில் போட்டுத் துப்பும். சில நேரம் துப்ப முடியாது.

அல்லியைக் கல்லில் நடுவது

கல்லில் சத்து கிடையாது. அகலமான தொட்டியில் களிமண் போட்டு அல்லியை நட்டு, மீன் மண்ணைக் கிளறாதபடி மேலே இரண்டு விரல் தடிமனுக்குக் கூழாங்கல் பரப்பிக் குட்டைக்குள் இறக்குங்கள். குட்டைக்குள் கூழாங்கல்லுக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை இது. தாமரைத் தொட்டிக்கு அதுவும் வேண்டாம். கிழங்கின் முளைநுனி லேசாகப் பட்டாலே ஒடிந்துவிடும்.

கரையில் கல் அடுக்கு

அழகாக இருக்கும். ஆனால் கல்லுக்குக் கல் இடையில் உள்ளங்கையளவு தண்ணீர் தேங்கினால், அங்கே கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் நுழையாது, கொசு நுழையும். நம் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கரைக்கல்லை முழுக்கத் தண்ணீருக்கு மேலே, காய்ந்த தரையில் வையுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா?

கிளறாதீர்கள். முதலில் மேல் தண்ணீரை ஒரு பெரிய தொட்டியில் பிடித்து, மீன்களை அதற்கு மாற்றி, காற்று பம்ப் போடுங்கள். பிறகு குட்டையை வற்றவைத்துக் கல்லை எடுங்கள். மார்கழி, தை நல்ல மாதங்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆக்சிஜன் கூடுதலாக நிற்கும், உங்கள் முதுகுக்கும் வெயில் இருக்காது.

என் 900 கிலோவும் மோட்டார் அறைக்குப் பின்னால் இன்னும் குவியலாகக் கிடக்கிறது. தெருக்கோடிப் பையனைக் கூட்டிவந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதையும் எடுத்துக்கட்டுமா அங்கிள்?" என்றார். அல்லித் தொட்டிக்கு என்று ஒரே ஒரு சட்டி கொடுத்தேன்.