மண்ணில் பதிந்த ஷூ தடம்: வார்ப்பு எடுப்பது எப்படி?

குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ஷூ தடத்தில் தூளும் தண்ணீரும் சேர்ந்த கலவையை ஊற்றி, இறுகியதும் தூக்கி எடுக்கும் அச்சுதான் வார்ப்பு. புதிதாகப் பழகுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தக் கலவையைக் கலக்கும் இடத்தில்தான். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் சுருக்கமாக. பழகுவதற்கு ஈர மண்ணில் நீங்களே ஒருமுறை மிதித்துத் தடம் பதித்தால் போதும்.

முதலில் படம். வார்ப்பைத் தூக்கியதும் தடம் போய்விடும். அதனால் கேமராவை டிரைபாடில் மாட்டி, லென்ஸ் தடத்தை நேர்குத்தாகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அளவுகோலைத் தரைமேல் அப்படியே போட்டுவிடாதீர்கள். தடத்தின் ஓரத்தில் மண்ணைக் கீறி, தடத்தின் அடிமட்டத்துக்கு இறக்கி வையுங்கள். மேலே கிடந்தால் அது கேமராவுக்குக் கிட்டே வந்து பெரிதாகத் தெரியும்; பிறகு கணக்கிடும் ஷூ அளவு உண்மையைவிடச் சிறியதாக வரும். ஃபிளாஷைக் கழற்றித் தாழப் பிடித்து, மூன்று நான்கு திசைகளிலிருந்து எடுங்கள்.

சுத்தம். மேலே உதிர்ந்து கிடக்கும் சருகை எடுக்கலாம். ஷூ அழுத்திப் பதித்த குச்சி, இலையைத் தொடக்கூடாது.

பொருள். என் ஓட்டு டென்டல் ஸ்டோனுக்குத்தான், அதாவது பல் மருத்துவர்கள் பல் மாதிரி செய்யப் பயன்படுத்தும், இறுகினால் கடினமாகும் ஜிப்சம் தூளுக்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மென்மையானது. மண்ணைக் கழுவும்போதே நுண்ணிய கீறல்கள் தேய்ந்துவிடும். ஒரு ஷூவை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்தக் கீறல்கள்தானே!

கலவை. ஜிப்லாக் பையில் சுமார் 900 கிராம் தூள், 350 மில்லி தண்ணீர். தயாரிப்புக்குத் தயாரிப்பு விகிதம் மாறும், உறையில் போட்டிருப்பதையும் பாருங்கள். பையை மூடி 3 முதல் 5 நிமிடம் வெளியிலிருந்தே பிசையுங்கள். முதல் நிமிடம் கெட்டியாகத்தான் இருக்கும். பயந்துபோய் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிசையப் பிசைய இளகும். பையின் மூலைகளில் உலர்ந்த தூள் ஒளிந்திருக்கும். விரலால் நசுக்கி நடுவுக்குத் தள்ளுங்கள். பையைச் சாய்த்தால் கலவை பெயிண்ட் போலத் தடையில்லாமல் வழிய வேண்டும். அதைவிடக் கெட்டியானால் சின்னப் பள்ளங்களுக்குள் இறங்காது. நீர்த்துப்போனால் இறுக நேரமாகும், வலுவும் இருக்காது.

ஊற்றுதல். பையின் மூலையை வெட்டி, தரையை ஒட்டிப் பிடித்து, தடத்துக்கு வெளியே ஓரத்தில் ஊற்றுங்கள். தானாக ஓடி உள்ளே நிரம்பட்டும். உயரத்திலிருந்து நேரே ஊற்றினால் விழும் வேகத்திலேயே வடிவம் கலைந்துவிடும். நடுவில் நிறுத்தாமல், தடம் மூழ்கி விளிம்பைத் தாண்டும்வரை ஊற்றுங்கள். மேற்பரப்பு இறுகத் தொடங்கும்போது தேதி, அடையாள எண், உங்கள் பெயரெழுத்து, வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி எல்லாவற்றையும் குச்சியால் கீறிவிடுங்கள்.

தூக்குதல். குறைந்தது அரை மணி நேரம். குளிராக இருந்தால் இன்னும் அதிகம். விளிம்பைப் பிடித்து நெம்பாமல், சுற்றிலும் தோண்டி அடியில் கைகொடுத்து எடுங்கள். ஒட்டிய மண் அப்படியே இருக்கட்டும். 48 மணி நேரம் காற்றாட உலர்ந்த பிறகுதான் கழுவுவதெல்லாம். உண்மையான வழக்கென்றால் அதையும் ஆய்வகம் பார்த்துக்கொள்ளும், அந்த மண்ணே ஒரு தடயமாகலாம். வைப்பது அட்டைப்பெட்டியில். பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

பிற்சேர்க்கை: தடத்தில் தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சுற்றிலும் ஒரு தடுப்பு வைத்து, உலர்ந்த தூளைச் சல்லடையால் மெல்லத் தண்ணீர்மேல் தூவுங்கள். அது அடியில் படிந்ததும் வழக்கமான கலவையை, சற்றே கெட்டியாக, மேலே ஊற்றுங்கள்.

இன்னொன்று, படத்தில் இருப்பதற்கும் வார்ப்புக்கும் இடவலம் மாறித் தெரியும். அது பிழையல்ல. வார்ப்பில் தெரிவது ஷூவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் அடிப்பாகம்.