தாராவியில் ஒரு தோல் ஜாக்கெட்: முதல்முறை வாங்கும் ஆண்களுக்கு

என் முதல் தோல் ஜாக்கெட் தோலே அல்ல. மும்பையில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அசல் தோல் என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் முகர்ந்து பார்த்துவிட்டு நம்பினேன். மூன்று மழைக்காலம் பீரோவில் கிடந்தது. நான்காம் ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஒரு கல்யாணத்துக்கு அணிந்துபோனபோது காலர் மடிப்பிலிருந்து கறுப்புச் செதில்கள் உதிரத் தொடங்கின. பெண் வீட்டுப் பாட்டி ஒருவர் என் கழுத்தைத் தட்டிவிட்டு, "என்னப்பா, தலைக்கு மை போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார்.

அது துணியின்மேல் பாலியூரிதேன் பூசிய ரெக்ஸின். அந்தப் பூச்சுக்குக் காற்றில் உள்ள ஈரம் ஆகாது. உள்ளுக்குள் மெல்லச் சிதைந்து, ஒருநாள் தோல் உரிவதுபோல் உரியும். மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவில் நடக்கும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் நடக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த ஜாக்கெட்டை மும்பையின் தாராவியில் வாங்கினேன். இன்றும் அதைத்தான் அணிகிறேன். குறைந்த பணத்தில் நல்ல தோல் வாங்க நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

குளிருக்கும் தோற்றத்துக்கும் என்றால் மேலே படியுங்கள். பைக் ஓட்டும்போது விழுந்தால் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. கடையில் தொங்கும் மென்மையான ஆட்டுத்தோல் தார்ச்சாலையில் உரசினால் கிழிந்துவிடும். அதற்குத் தடித்த தோலும், தோளிலும் முழங்கையிலும் சிஇ என்ற ஐரோப்பியத் தர முத்திரை பெற்ற காப்புப் பட்டைகளும் வேண்டும். அது வேறு கடை, வேறு விலை.

இன்னொன்று, தோல் காற்றைத் தடுக்குமே தவிர, தன்னளவில் பெரிய சூடு தராது. டெல்லிக் குளிருக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும். அளவு பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

படி 2: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

நடுத்தர உடல்வாகுள்ள ஆணின் ஜாக்கெட்டுக்கு ஏறக்குறைய 35 முதல் 40 சதுர அடித் தோல் போகும். ஒரு வெள்ளாட்டுத் தோல் சுமார் 5 சதுர அடி. அப்படியானால் ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழு, எட்டு ஆடுகளின் தோல் வேண்டும். சதுர அடி வெறும் 60 ரூபாய் என்று அடிமட்டமாக வைத்தாலும் தோலுக்கு மட்டுமே 2,100 முதல் 2,400 ரூபாய் ஆகிறது. உள்துணி, ஜிப், தையல் கூலி, கடை வாடகை எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கை நான் அன்று போட்டிருந்தால் 1,800 ரூபாய்ச் சத்தியத்தைக் கேட்டுச் சிரித்திருப்பேன். புதிய ஜாக்கெட்டின் விலை தோலின் அடக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் அங்கே தோல் இல்லை, அல்லது முழுத் தோல் இல்லை.

படி 3: எந்தத் தோல் என்று கேளுங்கள்

"தோல்தானா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் ஆம் என்பார்கள். "எந்த விலங்கின் தோல்?" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

செம்மறித் தோல் பஞ்சுபோல மென்மை, எடையும் குறைவு. போட்ட முதல் நாளே உடலோடு படியும். ஆனால் ஆணியில் மாட்டினால் கிழியும். வெள்ளாட்டுத் தோலில் மணல் தூவியதுபோலச் சிறு புள்ளிகள் தெரியும். மெல்லியதுதான், ஆனால் மெலிவுக்கு மிஞ்சிய உறுதி. எருமைத் தோல் கனம். முதல் சில மாதங்கள் கவசம் அணிந்ததுபோல இருக்கும். மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளை, எருது வெட்டுவதற்கும் தடை விரிவாக்கப்பட்டதால், அங்கே மாட்டுத்தோல் என்று சொன்னால் எருமையா, வெளி மாநிலச் சரக்கா என்று கேட்டுத் தெளிவது நல்லது.

கையில் பணம் குறைவு என்றால் என் தேர்வு வெள்ளாடுதான். செம்மறியின் மென்மையில் மயங்கி வாங்கிய நண்பர்கள் இருவர் இப்போது முழங்கையில் ஒட்டுப் போட்டுத் திரிகிறார்கள்.

சீட்டில் 'ஜெனுயின் லெதர்' என்று எழுதியிருந்தால் அதில் தோல் உண்டு என்று மட்டுமே பொருள். தடித்த தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து, பலமான மேலடுக்கை எடுத்தபின் மிஞ்சும் கீழடுக்கின்மேல் பூச்சு அடித்தும் இதே பெயரில் விற்கலாம். 'பாண்டட் லெதர்' என்றால் தோல் தூளையும் துணுக்குகளையும் பசையில் குழைத்துத் தகடாக்கியது. அது ரெக்ஸினின் பங்காளி, வாங்க வேண்டாம்.

படி 4: கையால் சோதியுங்கள்

தாராவியின் தோல் கடைகள் பெரும்பாலும் சந்த் ரோஹிதாஸ் பெயர் கொண்ட சாலையை ஒட்டியவை. ரோஹிதாஸ் செருப்புத் தைத்துப் பிழைத்த பக்திக் கவி, தோல் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே தோல் பதனிட வந்தவர்களில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேர்விட்ட குடும்பங்களும் ஏராளம். நான் நுழைந்த கடையில் அரைகுறை இந்தியில் விலை கேட்டேன். "எந்த ஊர் தம்பி?" என்று பதில் வந்தது.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பழைய ஜாக்கெட் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கறுப்பு ஜாக்கெட்டை மேசையில் போட்டு, "மூக்கை விடுங்கள் தம்பி. வாசனையை பாட்டிலில் விற்கிறார்கள். கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள்" என்றார்.

அழுத்தினேன். விரலைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய சுருக்கங்கள் பரவின, விரலை எடுத்ததும் மறைந்தன. பக்கத்தில் இருந்த ரெக்ஸினை அழுத்தச் சொன்னார். அது பள்ளமாக உள்ளே போனது, வலை விழவில்லை.

அடுத்து மேற்பரப்பு. அசல் தோலில் மயிர்த்துளைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். ஆட்டின் முதுகும் வயிறும் ஒன்றுபோல இராதல்லவா? முன்பக்க இரண்டு துண்டுகளிலும் புள்ளிகள் அச்சடித்தாற்போல ஒரே வரிசையில் இருந்தால், அது உருளையில் அழுத்திய அச்சேதான்.

பிறகு வெட்டு விளிம்பு. ஜாக்கெட்டில் எல்லா விளிம்பையும் மடித்துத் தைத்துவிடுவார்கள், எனவே பாக்கெட் வாய்க்கு உள்ளே, காலருக்கு அடியில், ஜிப் தொடங்கும் மூலையில் தேடுங்கள். அங்கே நார் நாராகப் பிசிறு தெரிந்தால் தோல். துணியின்மேல் ஒரு பளபளப்பான படலம் ஒட்டியதாகத் தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தீக்குச்சி வைத்துப் பார்ப்பது, தண்ணீர் சொட்டு விடுவது போன்ற வீடியோக்களை நம்ப வேண்டாம். நெருப்பு வைத்தால் ஜாக்கெட்டும் போகும், மரியாதையும் போகும். மேலே நிறப்பூச்சு உள்ள நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் அந்தச் சோதனை நல்லதையும் கெட்டது என்று சொல்லிவிடும்.

நான் எப்போதும் செய்வது வேறொரு சோதனை: வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து, காலரின் உட்புறத்தில் பத்து முறை தேய்ப்பேன். குட்டையில் கறுப்பு ஏறினால் நாளை உங்கள் சட்டையிலும் ஏறும். மலிவுச் சரக்கில் பலவும் தடுக்கி விழுவது இங்கேதான். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மறுத்தால் அதுவே பதில்.

கடைசியாக முதுகைத் திருப்பிப் பாருங்கள். முதுகு ஒரே துண்டாக இருந்தால் பெரிய, வடுவில்லாத தோல் போட்டிருக்கிறார்கள், அதற்கு விலை கூடும். மேல் முதுகில் குறுக்காக ஒரு தையல் வந்தால் குற்றமில்லை, அது சிக்கனம். ஆனால் கை, முதுகு, பக்கம் எங்கும் உள்ளங்கையளவு ஒட்டுகளாக இருந்தால் கழிவுத் துண்டுகளில் தைத்தது என்று அறிக.

படி 5: தோளைப் பாருங்கள், மற்றவை பிறகு

கை நீளத்தைக் குறைக்கலாம், ஜிப்பை மாற்றலாம், உள்துணியைப் புதிதாகப் போடலாம். தோளை மட்டும் மாற்ற முடியாது. முடியும் என்று ஒரு தையல்காரர் சொன்னாலும், பழைய ஊசித் துளைகள் தோலில் அப்படியே நிற்கும். துணிபோல மூடிக்கொள்ளாது.

தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கீழே சரிந்தால் அது அண்ணன் சட்டை. ஜிப்பை முழுக்க மூடி, பைக் ஓட்டுவதுபோல இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள். முதுகு இறுகினால் பெரிய அளவு கேளுங்கள். அப்படியே நாற்காலியில் உட்காருங்கள். பலர் இதைச் செய்வதில்லை, பிறகு பஸ்ஸில் உட்காரும்போது காலர் தாடையில் இடிக்கிறது என்று புலம்புகிறார்கள்.

கை நீளம் கடையில் பார்க்கும்போது ஒரு விரல் கூடுதலாக, கட்டைவிரலின் அடிவரை இருக்கட்டும். போகப் போக முழங்கை மடிப்பில் சுருக்கம் விழுந்து மேலேறிவிடும். மார்புச் சுற்று சற்றுப் பிடித்தாற்போல இருந்தால் கவலை இல்லை, தோல் கொஞ்சம் இளகும். நீளம் வளராது.

ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கில் ஐரோப்பிய எண் இருக்கும். அதில் பத்தைக் கழித்தால் நமக்குப் பழகிய அங்குல அளவு கிடைக்கும்: 50 என்றால் 40.

படி 6: அலங்காரத்தைக் குறைத்து விலையைக் குறையுங்கள்

எனக்கு முதலில் பிடித்தது குறுக்கே ஜிப் ஓடும் பைக்கர் மாதிரி. 1928இல் நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் உருவாக்கிய பெர்ஃபெக்டோவின் வழித்தோன்றல் அது. ஆறு ஜிப், இடுப்பில் பட்டை, தோளில் பொத்தான் பட்டி. விலை 7,500 என்றார் கடைக்காரர். என்னிடம் 5,500தான் இருந்தது.

"அண்ணாச்சி, அந்தத் தோலைப் போட்டு இந்த விலைக்கு ஒன்று இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் ஏணியில் ஏறி, நேர் ஜிப்பும் குட்டைக் காலரும் இரண்டே பாக்கெட்டும் வைத்த ஒன்றை இறக்கினார். "தோல் அதேதான், ஆம்பூரில் பதனிட்டு வந்தது. இதில் வேலை குறைவு, அதனால் விலையும் குறைவு. யாரும் கேட்பதில்லை" என்றார். 5,800 சொன்னார், 5,200க்கு முடிந்தது. அது மே மாதம். வெளியே புழுக்கத்தில் தெருவே நனைந்திருந்த நேரத்தில் ஜாக்கெட் கேட்டு வந்த ஒரே ஆள் நான். பேரம் எளிதாக முடிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. நவம்பரில் போனால் அந்த 600 ரூபாயைப் பிடுங்குவது கடினம்.

எனவே பணம் போதவில்லை என்றால் ஜிப்பைக் குறையுங்கள், பட்டையைக் குறையுங்கள், தோலைக் குறைக்காதீர்கள். இருக்கிற ஒரு ஜிப் உலோகமாக, நடுவில் சிக்காமல் ஓடுவதாக இருக்கட்டும். பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

பில்லில் 'ஆட்டுத்தோல் ஜாக்கெட்' என்று எழுதி வாங்குங்கள். வெறும் 'ஜாக்கெட்' என்று எழுதிய பில்லோடு திரும்பிப் போய்ச் சண்டை போட முடியாது.

இணையத்தில் வாங்குபவர்கள் விவரக் குறிப்பில் பியூ (பாலியூரிதேனின் சுருக்கம்), ஃபாக்ஸ் (போலி), வீகன் (விலங்குப் பொருள் சேராதது) ஆகிய சொற்களைத் தேடுங்கள், மூன்றும் ரெக்ஸினின் மாற்றுப் பெயர்களாகவே பெரும்பாலும் வரும். திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம், தோள் அளவு கையில் வரும்வரை தெரியாது.

படி 7: மழைக்காலத்தைத் தாண்டவைத்தல்

கடலோர ஊரில் தோலுக்கு எதிரி பூஞ்சணம். பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் உள்ளே ஈரம் சிறைப்பட்டு வெள்ளை பூத்துவிடும். பழைய பருத்தி வேட்டியால் போர்த்தி, அகன்ற தோள் உள்ள ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் கொம்பு முளைத்ததுபோல ஆக்கிவிடும்.

நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் அயர்ன்பாக்ஸும் தோலை அப்பளமாக்கும். ஆண்டுக்கு இருமுறை தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை மெல்லியதாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி என் அம்மா ஊரிலிருந்து போன் செய்தார். காலரின் அடியில் ஓர் ஓரத்தில் மட்டும் தடவிப் பார்த்தேன். அந்த இடம் திட்டுத் திட்டாகக் கறுத்து, இன்றும் தூசியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜாக்கெட்டை வெளியே எடுத்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியின் முதுகில் மாட்டிவைக்கிறேன். இருட்டில் எழுந்துவரும் என் மகன் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருமுறை அலறியிருக்கிறான்.