காயில் எரிஞ்சா மோட்டார மட்டும் பாக்காதீங்க

வீட்டு தண்ணி மோட்டார்ல காயில் எரிஞ்சா ரீவைண்டிங் பண்ணி மாட்டிடுறோம், கொஞ்ச நாள்ல மறுபடி எரியுது, உடனே 1 ஹெச்பிய கழட்டிட்டு 1.5 வாங்கிடுறோம். எரிஞ்சது காயில்தான், எரிய வச்சது வேற எங்கயோ இருக்கும், அத புடிக்கத்தான் சிஸ்டம்ஸ் திங்கிங், அதாவது ஒரு பாகத்த மட்டும் பாக்காம எது எத பாதிக்குதுன்னு மொத்தமா பாக்குறது.

மொதல்ல ஒரு பேப்பர்ல மொத்தத்தையும் வரைங்க. ஈபி லைன், ஸ்டார்ட்டர், மோட்டார், சக்‌ஷன் பைப், ஃபுட் வால்வ், சம்ப், மேல போற பைப், டேங்க், வீட்டு குழாய் வரைக்கும். தண்ணி போற வழிக்கு ஒரு அம்புக்குறி, கரண்டுக்கு ஒன்னு, மூணாவதா தகவல், அதாவது சம்ப் காலின்னு மோட்டாருக்கு யார் சொல்றா? இத யாரும் வரையறதே இல்ல, ஆனா தண்ணியில்லாம மோட்டார் சும்மா ஓடி வீணாப்போறது இங்கதான்.

அடுத்து, எது சுத்தி வந்து தன்னையே மோசமாக்குதுன்னு தேடுங்க. காலைல தெருவே ஒன்னா மோட்டார் போடும், வோல்டேஜ் எறங்கும், அதே தண்ணிய ஏத்த மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், அதனால லைன்ல வோல்டேஜ் இன்னும் எறங்கும். கரண்ட் 20 சதவீதம் கூடுனாலே காயில்ல சூடு 44 சதவீதம் கூடிடும். இதுல போய் 1.5 ஹெச்பி மாட்டுனா அந்த சுத்துக்கு நாமளே தீனி போடுறோம். என்ன கேட்டா மோட்டார் போடுற நேரத்த மாத்துறதுதான் மொத வைத்தியம், பைசா செலவில்ல.

தண்ணி மெதுவா ஏறுதா, பைப்ப பாருங்க. 1 இன்ச்ச 1.25 ஆக்குனா அதே அளவு தண்ணிக்கு உரசல் இழப்பு சுமாரா மூணுல ஒரு பங்காயிடும். ஆனா அதோட விட்டுடாதீங்க, சென்ட்ரிஃபியூகல் பம்புல, அதாவது உள்ள சக்கரம் சுத்தி தண்ணிய வெளிப்பக்கமா வீசுற பம்புல, எதிர்ப்பு கொறஞ்சா ஓட்டம் கூடும், கூடவே கரண்டும் கூடும். பைப்ல இருக்குற காத்த தானே வெளியேத்தி தண்ணிய இழுக்குற சின்ன செல்ஃப் பிரைமிங் மோட்டார்ல பெரும்பாலும் தலைகீழ், அடைப்பு இருந்தாத்தான் கரண்ட் ஏறும்.

அதனால ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்க. முன்னாடியும் பின்னாடியும் வோல்டேஜ், கரண்ட், ஒரு பக்கெட் நெறய எத்தன செகண்ட்னு குறிச்சு வைங்க. கரண்ட் அளக்க வயர சுத்தி மாட்டுற க்ளாம்ப் மீட்டருக்குள்ள ஒத்த வயர மட்டும் விடணும், ரெண்டையும் சேத்து விட்டா பூஜ்யம்தான் காட்டும். மோட்டார் மேல ஒட்டியிருக்குற நேம் பிளேட்ல போட்ட அளவ கரண்ட் தாண்டுச்சுன்னா சென்ட்ரிஃபியூகல்ல டெலிவரி வால்வ கொஞ்சமா மூடி ஓட்டத்த கொறைங்க, செல்ஃப் பிரைமிங்னா அந்த வால்வ தொடவே தொடாதீங்க.