நம்ம ஊரு மழையையும் பழைய கதையையும் எழுதி வைக்கிறது எப்படி

சின்ன ஊர்ல இருக்கவங்களுக்குத் தெரியும், நியூஸ்ல சொல்ற மழை அளவு பக்கத்து டவுன்ல அளந்ததா இருக்கும், நம்ம தலைல விழுந்த மழை வேற. 1997 ஜூலைல அமெரிக்காவுல ஃபோர்ட் காலின்ஸ்ல ஒரு பக்கம் 25 செ.மீ.க்கு மேல கொட்டி வெள்ளமே வந்துடுச்சு, அதே ஊரோட இன்னொரு பக்கம் அதுல கொஞ்சம்தான். அடுத்த வருஷமே அங்க ஜனங்க அவங்கவங்க வீட்டுல மழை அளக்க ஆரம்பிச்சாங்க. நீங்களும் அளங்க.

மழைமானி வாங்க முடிஞ்சா வாங்குங்க, இல்லன்னா மேல இருந்து கீழ ஒரே அகலமா இருக்கிற பிளாஸ்டிக் பாட்டில் போதும். கழுத்தை வெட்டி கவுத்து புனல் மாதிரி உள்ள வைங்க. அடிப்பாகம் வளைஞ்சு இருக்கும்ல, அங்க கூழாங்கல்லு போட்டு, பாட்டில் நேராகுற இடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அதுதான் 0ன்னு கோடு போட்டு அதுக்கு மேல ஸ்கேல் ஒட்டிடுங்க. வெயில்ல அந்தத் தண்ணி வத்தும், அதனால தினமும் பாத்து முடிச்சதும் திரும்ப 0க்கு கொண்டு வரணும். வைக்கிற இடம் ரொம்ப முக்கியம், மரம் 5 மீட்டர் உயரம்னா 10 மீட்டராவது தள்ளி வைங்க. தண்ணி ஓரத்துல லேசா ஏறி நிக்கும், கண்ணை அதே மட்டத்துக்கு கொண்டு வந்து நடுவுல பள்ளமா இருக்கிற இடத்தைப் படிங்க. 1 மி.மீ.ன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி.

தினமும் ஒரே நேரத்துல பாருங்க, மழை இல்லன்னா 0ன்னு எழுதுங்க. நான் ஆரம்பத்துல மழை இல்லாத நாளை எல்லாம் சும்மா விட்டுட்டேன், இப்ப எடுத்துப் பாத்தா அன்னிக்கு மழையே பெய்யலையா இல்ல நான் பாக்கலையான்னு எனக்கே தெரியல, அந்த வருஷக் கணக்கை நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கு. வானிலைக்காரங்க சராசரின்னு சொல்றது வழக்கமா 30 வருஷக் கணக்கு, இப்ப 1991 முதல் 2020 வரைக்கும். அதனால நமக்கு அப்புறம் யார் எழுதுவாங்கன்னு இப்பவே பேசி வைங்க.

அடுத்தது பெரியவங்க ஞாபகம், இதைத் தள்ளிப்போட நேரமே இல்ல, முதல்ல போய் கேளுங்க. "எந்த வருஷம் வெள்ளம் வந்துச்சு"ன்னு கேட்டா பாதிப் பேருக்கு சொல்ல வராது. "அப்ப உங்களுக்கு கல்யாணம் ஆயிடுச்சா, மூத்த பிள்ளை நடந்துச்சா, கைக்குழந்தையா"ன்னு கேளுங்க, வருஷம் தானா வந்துடும். தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு கையாலயே சுவத்துல காட்டச் சொல்லுங்க, அந்த இடத்துக்கு தரையில இருந்து டேப் வெச்சு அளந்து போட்டோ எடுத்துக்கோங்க. ரெண்டு மூணு பேரைத் தனித்தனியா கேளுங்க, கூட்டமா உக்கார வெச்சா முதல்ல பேசுறவர் சொல்றதையே மத்தவங்களும் சொல்லிடுவாங்க.

பழைய பாலத்துல வெள்ளக்குறி, பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேடு, பழைய பேப்பர் எல்லாம் தேடுங்க. ஈஆர்ஏ5ன்னு ஐரோப்பாக்காரங்க தயாரிச்ச பழைய வானிலை டேட்டா 1940ல இருந்து உலகம் முழுக்க இலவசமாவே கிடைக்குது, ஆனா அதுல உலகத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சிருக்காங்க, ஒரு கட்டமே சுமார் 31 கி.மீ. அகலம், பெரிய புயல் வந்த தேதியை சரிபாக்க ஆகும், நம்ம தெரு மழைக்கு ஆகாது.

நோட்டுல அளந்ததை ஒரு பக்கம், கேட்டதை இன்னொரு பக்கம் எழுதுங்க, ரெண்டையும் கலக்காதீங்க. கேட்ட பக்கத்துல சொன்னவர் வயசு, கேட்ட தேதி, அவர் நேர்ல பாத்ததா இல்ல அவங்க அம்மா சொன்னதா, எல்லாம் வேணும்.