தண்ணில மூழ்கினவங்கள தூக்கினதும் முதல் ரெண்டு நிமிஷம் என்ன பண்ணணும்

ரெண்டு கோடைக்கு முன்னாடி எங்க அக்கா பையன் நீச்சல் குளத்துல மூழ்கிட்டான். அப்போ அவனுக்கு 9 வயசு. நாங்க நாலு பேர் கரையிலதான் உக்காந்து பேசிட்டிருந்தோம், ஒரு சத்தம் கூட கேக்கல. தூக்கி கரையில போட்டதும் வாய தொறந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தான், நான் "மூச்சு வந்திருச்சு, மூச்சு வந்திருச்சு"ன்னு கத்திட்டு அவன் கைய பிடிச்சுட்டு உக்காந்துட்டேன். அது மூச்சே இல்ல. பக்கத்துல இருந்த ஒரு அம்மா என்ன தள்ளிட்டு வாயில ஊத ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அவன் இருக்கான்னா அவங்களாலதான். அதுக்கப்புறம் போய் சிபிஆர் (நெஞ்ச அழுத்தி, வாயில ஊதி உயிர காப்பாத்தற முறை) கத்துக்கிட்டேன். நீச்சல் கத்துக்கோங்க, சின்ன பசங்கள தனியா விடாதீங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

1. மூழ்கறத கண்டுபிடிக்கறது

கைய ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. மூச்சு விடவே முடியாதவங்களால எப்படி கத்த முடியும்? வாய் தண்ணி மட்டத்துல மூழ்கி மூழ்கி வெளிய வரும், தலை பின்னால சாஞ்சிருக்கும், கண்ணுல முடி விழுந்தாலும் ஒதுக்க மாட்டாங்க, கை ரெண்டும் தண்ணிய கீழ அழுத்திட்டே இருக்கும். இது 20 செகண்ட்ல இருந்து 60 செகண்ட்தான், அப்புறம் உள்ள போயிடுவாங்க. சந்தேகமா இருந்தா "நல்லா இருக்கியா?"ன்னு கேளுங்க, பதில் வரலன்னா உடனே கிளம்புங்க.

"எல்லாரும் பாத்துக்கறோம்"னா யாரும் பாக்கலன்னு அர்த்தம். இப்போ எங்க வீட்ல 15 நிமிஷத்துக்கு ஒருத்தர்னு முறை வெச்சிருக்கோம், அந்த 15 நிமிஷம் ஃபோன் கையில இருக்கக் கூடாது.

2. குதிக்காதீங்க

மூழ்கறவங்க பிடிச்சா விட மாட்டாங்க, உங்களையும் சேத்து அமுக்கிடுவாங்க. கழி, துண்டு எதையாவது நீட்டுங்க, எட்டலன்னா மிதக்கறது ஏதாவது தூக்கி போடுங்க. கயிறு வாங்கறவங்க பாலிப்ரொப்பிலீன் கயிறா பாத்து வாங்குங்க, அது மிதக்கும். நைலான் மூழ்கிடும், நான் முதல்ல அதத்தான் வாங்கி ஏமாந்தேன். பசங்க கையில மாட்டற காத்தடிச்ச பட்டை எனக்கு சுத்தமா பிடிக்காது, கழண்டு வந்துடும், அது விளையாட்டு பொருள்தான். லைஃப் ஜாக்கெட்னா காலுக்கு நடுவுல வார் போறதா வாங்குங்க. நீச்சல் டிரஸ் ஆரஞ்சு மாதிரி பளிச்சுன்னு இருக்கட்டும், நீலம் தண்ணிக்குள்ள தெரியவே தெரியாது.

3. மூச்சு இருக்கான்னு பாக்கறது (நான் தடுக்கி விழுந்த இடம்)

மல்லாக்க படுக்க வைங்க. தோள தட்டி கூப்பிடுங்க. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல வைங்க. நெத்திய ஒரு கையால பின்னால சாச்சு, ரெண்டு விரலால தாடைய தூக்குங்க. நெஞ்சு ஏறி இறங்குதான்னு 10 செகண்டுக்கு மேல போகாம பாருங்க.

இப்போ கவனமா படிங்க. இதயம் நின்னதுக்கப்புறமும் சில பேருக்கு எப்பவாவது ஒரு இழுப்பு வரும். தரையில போட்ட மீன் வாய தொறக்கற மாதிரி, ஒரு குறட்டை மாதிரி, தாடை மட்டும் அசையும், நெஞ்சு சீரா ஏறாது. அடுத்த இழுப்புக்கு ரொம்ப நேரம் ஆகும். இத மூச்சுன்னு கணக்குல எடுக்காதீங்க. சீரான மூச்சு இல்லன்னா மூச்சே இல்லன்னு வெச்சுக்கிட்டு அடுத்த ஸ்டெப்புக்கு போங்க.

4. முதல்ல ஊதணும், அப்புறம்தான் அழுத்தணும்

திடீர்னு மாரடைப்புல விழுந்தவங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதனால நெஞ்ச மட்டும் அழுத்தினாலும் கொஞ்சம் பலன் உண்டு. மூழ்கினவங்களுக்கு அப்படி இல்ல, ஆக்சிஜன் தீந்து போய்தான் இதயமே நின்னிருக்கு. வெறும் ரத்தத்த சுத்த விட்டு என்ன பிரயோஜனம்?

மூக்க பிடிங்க, அவங்க வாய உங்க வாயால முழுசா மூடி ஒரு செகண்ட் ஊதுங்க, நெஞ்சு எழும்பணும். எழும்பலன்னா தலைய மறுபடி சாச்சு பாருங்க, என்னோட பயிற்சியில பாதி பேருக்கு தப்பானது இந்த சாய்வுதான். முதல்ல 5 தடவை ஊதணும்னு எனக்கு சொல்லிக் குடுத்தாங்க, 2 தடவைன்னு சொல்லிக் குடுக்கற இடமும் உண்டு, நீங்க கத்துக்கிட்டபடி பண்ணுங்க. அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அழுத்து, 2 ஊது, அப்படியே மாத்தி மாத்தி. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகம், பெரியவங்களுக்கு 5ல இருந்து 6 சென்டிமீட்டர் ஆழம், பசங்களுக்கு நெஞ்சோட கனத்துல மூணுல ஒரு பங்கு.

வாயில வெள்ளையா நுரை வந்துட்டே இருக்கும், பாத்து பயந்துடாதீங்க, தொடச்சுட்டே உக்காராதீங்க, அது மேலயே ஊதுங்க. வாந்தி வந்தா மட்டும் ஒருக்களிச்சு திருப்பி வாய சுத்தம் பண்ணிட்டு தொடருங்க. ஏஇடி மெஷின் (இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்கற மெஷின்) வந்தா நெஞ்ச ஈரமில்லாம தொடச்சு அதோட பட்டைய ஒட்டுங்க, ஆனா அது வர்ற வரைக்கும் கை நிக்கக் கூடாது.

வயித்த அழுத்தி தண்ணிய எடுக்காதீங்க. வெளிய வர்றது பெரும்பாலும் வயித்துல இருக்கற தண்ணி, அது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா இன்னும் மோசம்.

5. தலைகீழா குதிச்சு அடிபட்டவங்க

ஆழம் இல்லாத இடத்துல தலை தரையில மோதினா கழுத்தெலும்பு உடையலாம். கை கால் மரத்துப் போச்சு, அசைக்க முடியலன்னு சொன்னா அவசரப்பட்டு இழுக்காதீங்க. மூச்சு இருந்தா தண்ணிலயே மல்லாக்க மிதக்க விட்டு, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேரா இருக்கற மாதிரி பிடிச்சுட்டு ஆம்புலன்ஸுக்கு காத்திருங்க. மூச்சு இல்லன்னா முடிஞ்ச வரைக்கும் நேரா பிடிச்சு வெளிய எடுத்து ஊதுங்க. அந்த நேரத்துல கழுத்த விட மூச்சுதான் முக்கியம்.

6. பிழைச்சதுக்கு அப்புறம்

எழுந்து உக்காந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயே ஆகணும். ஈர துணிய கழட்டி போர்வைய சுத்துங்க.

மனசு தேற இன்னும் நாளாகும். எங்க பையன் மாசக்கணக்கா தலையில தண்ணி ஊத்த விடல, துணிய நனைச்சுதான் முகம் தொடச்சு விட்டோம். "பயப்படாத, ஒண்ணும் இல்ல"ன்னு நான் சொன்னப்பல்லாம் இன்னும் விலகிப் போனான். தண்ணி ஊத்தற கப்ப அவன் கையில குடுத்து "நீயே எப்ப வேணா ஊத்திக்கோ"ன்னு விட்டதுக்கப்புறம்தான் மாறினான். நடந்தத திரும்ப திரும்ப சொல்ல வைக்காதீங்க, அவங்களா பேசினா கேளுங்க. ஒரு மாசம் தாண்டியும் கெட்ட கனவு, தூக்கம் இல்லன்னா கவுன்சிலர்கிட்ட போங்க. பாத்துட்டிருந்த அம்மா அப்பாவுக்கும் இது வரும், எங்க அக்காவுக்கு வந்துச்சு.

அப்டேட்: ரெண்டு பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தீங்க, கால பிடிச்சு தலைகீழா தொங்க விட்டா தண்ணி வந்துடாதான்னு. வேண்டாம், ஊத வேண்டிய நேரம்தான் வீணாகும். வாயோட வாய் வெக்க தயங்கறவங்க பாக்கெட் மாஸ்க் (அவங்க வாய் மூக்கு மேல வெச்சு அது வழியா ஊதறது) ஒண்ணு வாங்கி நீச்சல் பையிலயே போட்டு வைங்க, என்னோடது அங்கதான் இருக்கு.

இன்னொரு அப்டேட்: குளிச்சு நாலஞ்சு நாள் கழிச்சு திடீர்னு "உலர் மூழ்கல்" (தண்ணிய விட்டு வெளிய வந்தப்புறம் மூச்சு முட்டறது) வருமான்னு பயந்து கேட்டவங்களுக்கு: நல்லா விளையாடிட்டிருக்கற பிள்ளைக்கு நாள் கழிச்சு அப்படி வராது. தண்ணி உள்ள போன அன்னைக்கே சில மணி நேரத்துக்குள்ள விடாத இருமல், வேகமா மூச்சு வாங்கறது, அசாதாரண தூக்கம் தெரியும். தெரிஞ்சா காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அப்பவே கிளம்புங்க.